பித்தளைத் தகட்டின் நுனியில்

1853 மாதிரி பிரிட்டிஷ் என்ஃபீல்டு துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் பலரும் பூட்டுத் தகட்டிலுள்ள கிரீடத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது தோளில் பதியும் பித்தளைத் தகடு. அதன் மேல்நுனி கட்டைமீது நாக்குப்போல மடியும் இடத்தில்தான் பெரும்பாலும் படைப்பிரிவின் முத்திரை இருக்கும்: ரெஜிமெண்ட் எண், கம்பெனி எழுத்து, துப்பாக்கியின் வரிசை எண். எல்லாம் சுத்தியலால் அடித்தவை. ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று ஆழமாக இறங்கியிருக்கும். ‘ஆர்.வி.’ என்று வந்தால், அநேகமாக 1859இல் திரளத் தொடங்கிய தன்னார்வ ரைஃபிள் படையினருடையது. அந்தக் காலச் சிப்பாய் தேய்த்தது போதாதென்று, பளபளப்புக்கு ஆசைப்பட்டு இன்றும் சில புண்ணியவான்கள் பித்தளையைத் தேய்த்து எண்களையே மழித்துவிடுகிறார்கள். முனையோடு முனை முட்டும் இரண்டு அம்புக்குறிகள் தென்பட்டால், அரசு அந்தத் துப்பாக்கியை விற்றுக் கைகழுவிவிட்டது என்று அர்த்தம்.