இழுத்துச் சென்ற பிறகு என்ன?

சென்னைச் சாலைகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் வாகனங்களை அகற்றும் பணியை இன்னும் விரிவாக்க வேண்டும் என்ற குரல் ஓங்கி ஒலிக்கிறது. மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல் துறையும் சேர்ந்து அவ்வப்போது நடத்தும் இந்த வேலையை எல்லா மண்டலங்களிலும் 200 வார்டுகளிலும் நிரந்தரமாக்க வேண்டும், இழுவை வண்டிகளைக் கூட்ட வேண்டும், அபராதத்தை உயர்த்த வேண்டும் என்கிறார்கள். அதற்குச் சொல்லப்படும் நியாயம் எளிமையானது: நேற்று வரை அடைபட்டுக் கிடந்த இடம் இன்று காலியாக இருக்கிறது, இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? பிழை அங்கேதான் தொடங்குகிறது. காலியான தெருவைக் காட்டுகிறவர்கள், அங்கிருந்து போன வண்டி இப்போது எங்கே நிற்கிறது, இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும், அதன் பதிவு எண் யார் பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. தொடக்கம் மட்டுமே உள்ள, முடிவே இல்லாத ஒரு திட்டத்தை விரிவாக்கினால் குவியல்தான் விரியும்.

திட்டத்தின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. நடைபாதையை அடைத்து நிற்கும் ஒரு பழைய வேன், சக்கர நாற்காலியில் வருபவரையும் பள்ளிப் பிள்ளைகளையும் பேருந்து ஓடும் சாலையில் இறக்கிவிடுகிறது. கிழிந்த இருக்கையின் பஞ்சும் கழற்றிப் போட்ட டயரும் வடகிழக்குப் பருவமழையின் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்த நீரில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடுகிறது. சட்டத்தின் பக்கமும் குறையில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 127ஆவது பிரிவில், பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரின்றி நிற்கும் வாகனத்தை அகற்றச் சீருடையில் உள்ள காவல் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. இழுக்கும் செலவையும் உரிமையாளர் தலையிலேயே வைக்கிறது. ஆக, அகற்றலாமா கூடாதா என்று இங்கே யாரும் வழக்காடவில்லை. அகற்றிய பிறகு அந்த வண்டி என்ன ஆகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்விக்கான பதிலை நகரத்தின் காவல் நிலையங்களிலேயே பார்க்கலாம். சுற்றுச்சுவரை ஒட்டிப் பைக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. பெட்ரோல் டாங்கில் வெள்ளைப் பெயின்டால் குற்ற எண்ணும் ஆண்டும் எழுதியிருப்பார்கள். பாதி எழுத்தைத் துரு தின்றிருக்கும். ஹேண்டில்பாரில் கொடி ஏறியிருக்கும். பேட்டரி இருந்த இடத்தில் வெறும் ஒயர்கள் தொங்கும். விபத்து, திருட்டு, கடத்தல் என்று ஏதோ ஒரு வழக்கில் பிடிபட்டவை இவை. இப்படிப் போட்டு வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது: படம் எடுத்து, விவரம் எழுதி, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும், கேட்டு வருபவர் இல்லையென்றால் ஏலம் விட வேண்டும், காவல் நிலையத்தில் நீண்ட காலம் நிறுத்தி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு இதற்குக் கெடுவே வைத்துவிட்டது: 14 நாளில் விவரப் பட்டியல், படம் எடுத்த 30 நாளில் பொருளை என்ன செய்வது என்ற உத்தரவு. ஏலங்கள் நடக்காமல் இல்லை. ஆனாலும் காலி செய்த இடம் மறுபடி நிரம்பிவிடுகிறது. தீர்ப்பும் தேதி குறித்த சட்டமும் கையில் இருந்தும் சொந்த வளாகத்தைச் சுத்தம் செய்ய முடியாத நிர்வாகத்திடம்தான், வார்டுக்கு வார்டு இன்னும் வண்டிகளைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்கிறோம்.

வண்டி ஏன் தெருவில் கிடக்கிறது என்பதற்குத் திட்டத்தின் ஆதரவாளர்கள் ‘பொறுப்பின்மை’ என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுகிறார்கள். காரணம் ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது. கடனில் வாங்கிய பைக் சில ஆண்டுகளில் கைமாறுகிறது. விற்றவர் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார். வாங்கியவர் அவற்றை மடித்து வைத்துக்கொண்டே வண்டியை ஓட்டுகிறார்; பிறகு அதை மூன்றாமவர் ஒருவருக்கு விற்கிறார். பெயர் மாற்றம் நடக்கவே இல்லை. கடன் அடைந்த பிறகும் ஆர்சியில் கடன் கொடுத்தவரின் பெயர் அப்படியே நிற்கிறது. 15 ஆண்டுப் பதிவு முடியும்போது எஃப்சி, பசுமை வரி, புதுப்பிக்கும் கட்டணம் என்று செலவு வரிசையாக வந்து நிற்கிறது. 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் மட்டும் இரு சக்கர வாகனத்துக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும், காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும் உயர்ந்துவிட்டது. வண்டியை ஓட்டவும் முடியாது, முறைப்படி முடித்துவைக்கவும் முடியாது. இனிப் பயன்படாது என்று ஆகிவிட்ட வாகனத்தைப் பற்றி உரிமையாளர் 14 நாளுக்குள் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வழிவிட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. எந்த உரிமையாளர்? ஏட்டில் இருப்பவரிடம் வண்டி இல்லை. வண்டி வைத்திருப்பவர் ஏட்டில் இல்லை. பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்துக்குக் கொண்டுபோனாலும் ஏட்டில் உள்ளவரின் ஆவணமும் கடன் நிலுவை இல்லை என்ற சான்றும் கேட்கிறார்கள். ஆர்சி இல்லாத வண்டியைத் தொடக் காயலான் கடைக்காரரே யோசிப்பார். துணிந்து பிரித்துப் போட்டாலும் பதிவு எண் சாகாது. கடைசியில் மிஞ்சுவது மேம்பாலத்தின் அடிதான்.

அபராதத்தை உயர்த்தினால் எல்லாரும் வழிக்கு வருவார்கள் என்பது அடுத்த வாதம். கைவிட்டவர் அந்த வண்டி வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர். அதை இழுத்துப் போவது அவருக்கு இழப்பில்லை, உதவி. அபராத நோட்டீஸ் போகும் முகவரியில் இருப்பவரோ பல ஆண்டுக்கு முன்பே விற்றுவிட்டவர். பெயர் மாற்றாத வண்டி விபத்துக்குள்ளானால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஏட்டில் உள்ள உரிமையாளருக்கே என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிபட்டவருக்கு நீதி கிடைக்க அது தேவையான தீர்ப்பு. அதே பொறுப்பைத் துருப்பிடித்த ஸ்கூட்டருக்கும் நீட்டுவதால் தெருவில் போட்டவர் திருந்தப்போவதில்லை. அப்படியானால் பணத்தோடு, இழுத்த வண்டிகளை நிறுத்தும் யார்டின் வாசலுக்கு ஓடி வருவது யார்? வண்டி இன்னும் தேவைப்படுகிறவர். கியர்பாக்ஸ் போய், எஃப்சிக்குப் பணம் சேரும் வரை ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்தி வைத்தவர். டயர் வாங்க வழியில்லாமல் காய்கறி ஏற்றும் வண்டியை மாதக்கணக்கில் ஓரம் கட்டியவர். தட்டையான டயரும் தூசி படிந்த கண்ணாடியும் அவர் வண்டிக்கும் உண்டு. வெளியே இருந்து பார்த்தால் அதுவும் கேட்பாரற்றதுதான். இழுத்த கூலியும் நிறுத்திய வாடகையும் அவரிடமே வசூலாகும். கைவிட்டவர் தப்பிப் போகிறார், கைவிடாதவர் கட்டுகிறார். ஆள் மாறி விழும் இந்தத் தண்டனையை இன்னும் பெரிதாக்கச் சொல்வது அநியாயம்.

பதிவேடு போக்குவரத்துத் துறையின் பொறுப்பு, வழக்கு நீதிமன்றத்தின் பொறுப்பு, தெருவைச் சுத்தம் செய்வது மட்டுமே மாநகராட்சியின் வேலை என்றும் சொல்வார்கள். குப்பையை அள்ளி ஊருக்கு வெளியே கொட்டுவதோடு வேலை முடிந்தது என்று இருந்ததன் விளைவைக் கொடுங்கையூரும் பெருங்குடியும் பல பத்தாண்டுகள் சுமந்தன. அந்த மலைகளைக் கிளறிப் பிரிக்க இன்று நூற்றுக்கணக்கான கோடி செலவாகிறது. வண்டிகளுக்கான யார்டும் அதே பாதையில்தான் போகும். பேட்டரியின் ஈயமும் அமிலமும், இன்ஜின் ஆயிலும் பிரேக் ஆயிலும் மண்ணில் இறங்கும். இரும்பு துருவாகத் துருவாக ஏலத்தில் கிடைக்கும் விலையும் இறங்கும். வழியே இல்லாமல் இப்படி நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வழி இருக்கிறது. 2021 செப்டம்பரில் வந்த வாகன அழிப்பு மைய விதிகள், அமலாக்கத் துறையினர் கைப்பற்றிய, கைவிடப்பட்ட, ஏலம் விட்ட வாகனங்களையும் அந்த மையங்களில் அழிக்க இடம் தருகின்றன. ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டாலும் சேசிஸில் பொறித்த எண் போகாது. அதை ‘வாகன்’ என்ற வாகனப் பதிவுத் தளத்தில் போட்டால் ஏட்டில் உள்ளவரும் கடன் கொடுத்தவரும் தெரிந்துவிடுவார்கள். இவ்வளவும் இருக்க, கண்ணாடியில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுக் காத்திருப்பதில் என்ன பொருள்? மழையில் ஊறி உரியும் அந்தக் காகிதத்தைப் படிக்க வேண்டியவர் அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை.

முதலில் வேண்டியது, வண்டி யார் கையில் இருக்கிறதோ அவரே வந்து ஒப்படைக்கும் வழி. ஆர்சி யார் பெயரில் இருந்தாலும் மண்டல அலுவலகம் வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். சேசிஸ் எண்ணைத் திருட்டு வாகனப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஏட்டில் உள்ளவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் நிலுவையைத் தள்ளுபடி செய்து, வண்டியை அழித்து, பதிவை ரத்து செய்ய வேண்டும். வரி கட்டாதவருக்குப் பரிசா என்று கேட்பவர்கள், தெருவில் மக்கும் ஸ்கூட்டரிலிருந்து அந்த வரி ஒருநாளும் வரப்போவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திருட்டு வண்டிகள் இதில் மறைந்துவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் சேசிஸ் சோதனை கட்டாயமானால் அவை வெளியே வரும். இழுத்த வண்டிகளின் எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பதிவு ரத்தாகி, அழிக்கப்பட்ட வண்டிகளின் எண்ணிக்கையை மண்டலவாரியாக மாதந்தோறும் வெளியிடட்டும். அந்த ஓர் எண் போதும், திட்டம் நடக்கிறதா இல்லையா என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். விரிவாக்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதல் விரிவாக்கம் காவல் நிலைய வளாகங்களுக்கு நடக்கட்டும். அங்கே 497ஆவது பிரிவின் கெடுவை நிறைவேற்றிக் காட்டிவிட்டு நிர்வாகம் மக்களின் தெருவுக்கு வரட்டும். அதுவரை புதிதாக வாங்கும் ஒவ்வோர் இழுவை வண்டியும், துருவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்ற மக்கள் கொடுக்கும் கூலிதான்.