தாலுக்குப் பிறகு சிறுபறை: வாலுப் பிள்ளைகளும் ‘அமைதி இசை’யும்

‘குழந்தைகளை அமைதிப்படுத்தும் இசை’ என்று யூடியூபில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே சரக்குதான் வரும். மழைச் சத்தம், புல்லாங்குழல், கொஞ்சம் மொசார்ட், நம்ம பங்குக்கு நீலாம்பரி. இதை அப்படியே பால்வாடியில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள் என்ற அறிவுரை அடிக்கடி காதில் விழுகிறது. அனுப்பம்பட்டு, பொன்னேரி, பழவேற்காடு பக்கம் ஒரே அறையில் இருபது வாண்டுகளை மேய்க்கிற டீச்சருக்கும் ஆயாவுக்கும் இது எந்த அளவுக்கு உதவும்? ரொம்பக் கொஞ்சம்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பட்டியல்கள் தூங்கவைப்பதையும் அடக்குவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன.

முதலில் மொசார்ட்டை முடித்துவிடலாம். 1993-ல் நேச்சர் இதழில் ரௌஷர், ஷா, கை என்ற மூவர் எழுதிய சின்னக் கட்டுரையில் இருந்து கிளம்பிய கதை அது. அவர்கள் சோதித்தது 36 கல்லூரி மாணவர்களை. இரண்டு பியானோவுக்கான ஒரு சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டபின் வடிவங்களை மனசுக்குள் மடித்துப் பார்க்கும் ஒரு சோதனையில் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. கால் மணி நேரத்துக்குள் அந்த ஏற்றமும் இறங்கிவிட்டது. அதில் குழந்தையும் இல்லை, அமைதியும் இல்லை. ஆனாலும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார்.

நீலாம்பரி விஷயம் இன்னும் சுவாரசியம். சங்கராபரணத்தின் ஜன்ய ராகம். தூக்கம் வரவைக்கும் ராகம் என்று எல்லாரும் சொல்வார்கள். தியாகராஜர் ராமனை ஊஞ்சலில் ஆட்டியது இந்த ராகத்தில்தான், சரி. ஆனால் முத்துசுவாமி தீட்சிதர் நாகப்பட்டினத்து நீலாயதாட்சியைப் பாடியதும் இதே ராகத்தில்தான். அது நிதானமான, கனமான கிருதி. யாரையும் தூங்கவைக்க எழுதியதில்லை. ராகத்தின் பெயரில் மருந்துச்சீட்டு எழுதுகிறவர்கள் வேகம், குரல், பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் உள்ள உறவு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

சினிமாத் தாலாட்டு இன்னொரு கதை. ‘கண்ணே கலைமானே’ எல்லா வீட்டுத் தூக்கப் பட்டியலிலும் இருக்கிறது. மூன்றாம் பிறையில் (1982) அதைக் கேட்பது கைக்குழந்தையா என்ன? விபத்தில் நினைவிழந்து சின்னப் பிள்ளைபோல ஆகிவிட்ட ஒரு வளர்ந்த பெண். கண்ணதாசனின் சொல், ஜேசுதாசின் குரல் எல்லாமே பெரியவர்களின் துக்கத்துக்காகச் செய்தது. அது பிள்ளைக்கும் வேலை செய்கிறது என்றால் மெதுவாகப் போவதால். அதைவிட, அம்மா கூடவே முணுமுணுப்பதால் என்பேன்.

பாட்டுக்குச் சக்தி இல்லை என்று சொல்ல வரவில்லை. மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஏழு முதல் பத்து மாதக் குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டே இராத துருக்கி மொழியில் பாட்டும் பேச்சும் போட்டுக் காட்டினார்கள். பேச்சுக்கு நாலு நிமிடம்போலத் தாங்கிய குழந்தைகள் பாட்டுக்கு ஒன்பது நிமிடம் அழாமல் இருந்தன. 2021-ல் ஹார்வர்டு குழு ஒன்று 144 குழந்தைகளுக்கு வெவ்வேறு நாட்டுப் பாட்டுகளைப் போட்டது. தெரியாத மொழித் தாலாட்டுக்குக்கூட இதயத் துடிப்பு தணிந்தது. நல்ல ஆய்வுகள்தான். ஆனால் அவை கைக்குழந்தைகள்! எழுந்து ஓடத் தெரியாதவை. பக்கத்துப் பிள்ளையின் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டு மேசைக்கு அடியில் ஒளிகிற மூணரை வயசுக்காரனைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வயசு வித்தியாசம் நம் புலவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம். எந்த மாதத்தில் எது என்பதில் பாட்டியல் நூல்கள் ஒத்துப்போவதில்லை. தால் ஆரம்பத்திலேயே வந்து முடிந்துவிடுகிறது என்பதில் சந்தேகமில்லை. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதுதான் தாலாட்டு. உடனே அடுத்தது சப்பாணி, கை தட்டுவது. பிள்ளை நடந்து ஓடத் தொடங்கி, ஆண்பாலில் கடைசி மூன்று பருவங்களுக்கு வரும்போது என்ன நடக்கிறது? சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைக் காலால் உதைக்கிறான் (சிற்றில்), பறையைத் தட்டி ஊரைக் கூட்டுகிறான் (சிறுபறை), தேரை உருட்டிக்கொண்டு ஓடுகிறான் (சிறுதேர்). ரவுடித்தனத்துக்கே ஒரு பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள்! மணல் வீட்டை உதைக்கிற வயசுக்குப் புலவர் தாலாட்டை நீட்டவில்லை. கையில் பறையைக் கொடுத்துவிட்டார். இலக்கண மரபுதான், குழந்தை உளவியல் நூல் இல்லை. இருந்தாலும் ‘அமைதி இசை’ப் பட்டியல் போடுகிறவர்களைவிட இவர்கள் பிள்ளைகளை உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

தாலாட்டு ஒருவர் ஒருவருக்குப் பாடுவது. மடி வேண்டும், இல்லை தூளி வேண்டும். இருபது பேருக்கு ஒரு மடி ஏது? கூட்டத்துக்கான பாட்டு கடற்கரையில் இருக்கிறது. கரைவலையைக் கயிறு பிடித்து இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குவார்கள். மோட்டார் வந்தபின் இந்தப் பாட்டு குறைந்துவிட்டது. ஆனால் அதன் கட்டுமானம் கவனிக்க வேண்டியது. பத்திருபது உடம்புகள் ஒரே நொடியில் இழுக்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவரும் தன் முறை வரும்வரை வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். பாட்டில் பாதி நேரம் நீங்கள் கேட்பவர். அந்தக் காத்திருத்தல்தான் டீச்சர் தேடுகிற அமைதி. ‘உஷ்’ என்று அதட்டிக் கிடைக்காதது, அடுத்து நான் கத்தணும் என்ற ஆசையில் தானாக வந்துவிடும்.

2010-ல் கிர்ஷ்னர், டொமாசெல்லோ இருவரும் 96 நாலு வயசுக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் சேர்ந்து பாடி, ஆடி, தட்டினார்கள். மற்றவர்கள் அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் விளையாடினார்கள். பிறகு பார்த்தால், சேர்ந்து பாடியவர்களே ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள். அவர்கள் இசையைக் கேட்டவர்கள் அல்ல, செய்தவர்கள்.

எதிர்ச்சான்றும் உண்டு. 1998-ல் ஹாலம், பிரைஸ் இருவரும் இங்கிலாந்தில் நடத்தைச் சிக்கல் உள்ள பத்துப் பிள்ளைகளுக்குப் பின்னணியில் சாந்தமான இசை போட்டபோது, நடத்தையும் கணக்கும் முன்னேறின. ஆனால் அவர்கள் 9-10 வயசுக்காரர்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள். ஓவியம் வரையும் நேரத்துக்கு மெல்லிசாக ஏதாவது ஓடினால் கெடுதல் ஒன்றுமில்லை.

அப்போ எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது? இசை சிகிச்சையில் 1940-களில் ஐரா ஆல்ட்ஷுலர் சொன்ன ஒரு வழி உண்டு: ஆள் எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதே வேகத்தில் தொடங்கி, மெள்ள மெள்ள வேண்டிய இடத்துக்கு இறக்கு. அறையே குதிக்கும்போது மெல்லிசை போட்டால் அது யார் காதிலும் விழாது. ஆகவே முதல் பாட்டு சத்தமாகவே இருக்கட்டும். தரையைத் தட்டி, ‘ஏலேலோ’ வாங்கி, நாலைந்து சுற்று. அடுத்த சுற்று கொஞ்சம் மெதுவாக, தட்டல் தொடையில். அதற்கடுத்தது சாய்ந்தாடம்மா வேகம், உட்கார்ந்தபடி. கடைசிச் சுற்றில் டீச்சர் அடியை ரகசியம் சொல்கிற குரலில் எடுத்தால் பிள்ளைகளும் ரகசியமாகவே வாங்குவார்கள். அந்த வயசுக்கு ரகசியம் என்றால் உயிர்.

இதற்குப் பொருத்தமான பாட்டுக்கு அடி குறுகியதாக இருக்கணும், வாங்குகிற சொல் மாறாமல் இருக்கணும், டீச்சர் தன் குரலில் வேகத்தை ஏற்றி இறக்க முடியணும். பதிவுசெய்த பாட்டில் மூன்றாவது முடியாது. பிள்ளைகள் என்ன செய்தாலும் அது தன் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். சுருதி சேரவில்லையே என்று டீச்சர் கூச்சப்பட வேண்டியதில்லை. பறை இல்லாத பால்வாடியில் காலி மாவு டப்பா போதும். ஆனால் ஒரு டப்பாதான், அதுவும் முறை வைத்து. இருபது டப்பா கொடுத்தால் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும்.