கொம்தாரைத் தேடுகையில்

எழுத்து மட்டுமே ஒளிரும் கறுப்புத் திரையில் மடல் காட்டும் மட் நிரலின் அழகு, அதன் தாமதத்துக்கும் ஒரு நியாயம் இருப்பது. தலைப்பில் தேடினால் விசைத்தட்டல் அடங்குமுன் விடை வரும். உடலுக்குள் தேடினால் ஒவ்வொரு மடலையும் பிரித்துப் படிப்பதால் மெல்ல வரும். தலைப்புச் சேமிப்பை இயக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால், பெரிய மடற்பெட்டியும் அடுத்த முறை விரைந்து திறக்கும்.

இந்தப் பொறுமை எதற்கு, படத்திரைச் செயலி போதாதா என்பார்கள். வசதிக்குப் போதும், தேடல் தவறியது ஏன் என்று அறியப் போதாது. பினாங்கின் ‘கொம்தார்’ கோபுரத்தின் பெயர் மடல்களில் சிக்கவில்லையா? ‘கொ’வின் குறியை யூனிகோடில் ஒன்றாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ‘ம்தார்’ என்று மட்டும் தேடுங்கள், இரண்டும் அகப்படும்.