கிராஸ்போவும் ஆடித்தபசும்

போச்சின்கியில் இறங்கி முதல் வீட்டுக்குள் ஓடுகிறீர்கள். தரையில் கிராஸ்போ கிடக்கிறது, பக்கத்தில் ஒரு கட்டு அம்பு. தாண்டித்தான் போவீர்கள். பப்ஜியில் நான் பார்த்த அத்தனை பேரும் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். கிராஸ்போவை எடுக்கிறவன் ஒன்று புதுசு, இல்லாவிட்டால் லூசு. சங்கரன்கோவிலில் நாங்கள் நாலு பேர் ஸ்குவாட் போட்ட காலத்தில் நான் இரண்டாவது வகை என்று மற்ற மூன்று பேரும் முடிவு கட்டியிருந்தார்கள். புதருக்குள் நான் படுத்துக் கிடக்கையில் ஹெட்போனில் குரல் வரும்: "என்னலே, தபசு முடிஞ்சிதா?"

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. சிவனும் திருமாலும் ஒரே உருவாகக் காட்சி தர வேண்டும் என்று எங்கள் ஊர்க் கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்றாள். சங்கரநாராயணராக அந்தக் காட்சி கிடைத்த நாள்தான் ஆடித்தபசு. எங்கள் ஊரில் யாராவது எதற்காவது ரொம்ப நேரம் காத்துக்கிடந்தால் இந்தக் கிண்டல் வந்துவிடும். கிராஸ்போ வைத்திருப்பவனுக்கு அது கிண்டலே இல்லை, வேலை விவரம்.

முதலில் அந்த ஆயுதத்தின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு அம்பு. அடுத்த அம்பைப் பூட்ட மூன்றரை வினாடி ஆகும். அம்பறாத்தூணி மாட்டினால் கொஞ்சம் குறையும். அம்பின் வேகம் வினாடிக்கு 160 மீட்டர். எம்416 தோட்டாவுக்கு அது 880. 50 மீட்டர் தள்ளி ஒருவன் குறுக்கே ஓடினால் அம்பு போய்ச் சேர வினாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும், அதற்குள் அவன் இரண்டு மீட்டர் நகர்ந்திருப்பான். தூரம் கூடக்கூட அம்பு தாழ்ந்துகொண்டே போகும், ஆகவே தலைக்கு மேலே ஆகாயத்தைக் குறிபார்க்க வேண்டியிருக்கும். அந்த அம்பு வேறு எந்தத் துப்பாக்கிக்கும் உதவாது. பையில் இடத்தை அடைப்பதோடு சரி.

பதிலுக்கு என்ன கிடைக்கிறது? அடிப்படைச் சேதம் 105. ஒரு ஆளின் உயிரே 100தான். வெஸ்ட்டும் ஹெல்மெட்டும் அதைக் குறைக்கும் என்றாலும் ஒரே அடியில் இவ்வளவு இறக்கும் ஆயுதம் தரையில் சும்மா கிடைப்பது அபூர்வம். உதைப்பு கிடையாது, நெருப்பு தெரியாது. சத்தமும் மிக அருகில் இருப்பவனுக்கு நாண் அதிரும் ஓசை மட்டும்தான்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எனக்கு ஆர்வம். பப்ஜி சத்தத்தால் ஆன விளையாட்டு. காலடி எந்தப் பக்கம் கேட்டது, வெடி எந்த மலைக்குப் பின்னால் என்பதை வைத்துத்தான் நூறு பேரும் ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். ஒருவனைச் சுட்ட அந்த நொடியில் நீங்கள் இருக்கும் இடத்தை மற்ற எல்லோருக்கும் சொல்லிவிடுகிறீர்கள். ஒவ்வொரு கொலையும் ஒரு விலாச அறிவிப்பு. கிராஸ்போவில் அந்த அறிவிப்பு இல்லை. விசைத்தறிக் கூடத்துக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை, தறிச் சத்தத்தில் பேச முடியாது. ராத்திரி ஷிப்ட்டில் தறி ஓடும்போது ஹெட்போனையும் மீறி அந்தத் தடதடப்பு உள்ளே வரும். எதிரியின் காலடி எனக்குக் கேட்காது. எனக்குக் கேட்காவிட்டால் அவனுக்கும் கேட்கக் கூடாது என்று நினைத்தேனோ என்னவோ.

ஆனால் நான் கிராஸ்போவுக்கு வந்ததற்கு உண்மையான காரணம் வேறு, கொஞ்சம் அசிங்கமானது. என் போன் 3 ஜிபி ராம். எம்416-ஐ ஸ்ப்ரே செய்ய ஆரம்பித்தால் திரை திக்கித் திக்கி நகரும். துப்பாக்கி மேலே ஏறுவதை விரலால் கீழே இழுப்பதற்குள் பத்துத் தோட்டா வானத்துக்குப் போயிருக்கும். நல்ல போன் வைத்திருந்த நண்பன் கைரோவைப் போட்டுக்கொண்டு போனையே சாய்த்து அதே துப்பாக்கியை நூல் பிடித்த மாதிரி ஓட்டுவான். அதைத் 'திறமை' என்றோம். திறமையும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறமைக்கு அடியில் ஒரு விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. யூட்யூபில் 'எந்தத் துப்பாக்கி சிறந்தது' என்று பேசும் யாரும் எந்தப் போனில் என்று சொல்வதில்லை. கிராஸ்போவுக்குத் தொடர்ச்சியாக அறுபது பிரேம் வேண்டாம், ஒரு பிரேம் போதும். மற்றபடி பொறுமை, அது ஊரில் இலவசம்.

யாரும் அதைப் பேசாததற்கு இன்னொரு காரணம், அதில் காசு இல்லை. எம்416 கிளேசியருக்காக யூசி வாங்கிக் குவித்தவர்களை எனக்குத் தெரியும். கிராஸ்போவுக்கு ஒரு ஸ்கின் வேண்டும் என்று ஏங்கிய ஒருவனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, அதை எப்படிப் பயன்படுத்துவது? எனக்கு ஆறு மாதம் எடுத்த பாடம் ஒன்று: அம்பு விட்டதும் ரீலோடு செய்யாதீர்கள். கை தானாக ரீலோடுக்குப் போகும், போக விடக் கூடாது. உடனே இரண்டாவது ஆயுதத்துக்கு மாறுங்கள், ஊசி, யூஎம்பி, எதுவானாலும். அம்பு கதவைத் தட்டத்தான், உள்ளே போவதற்கு வேறு ஆள். ஓடுகிறவனைத் தொடவே வேண்டாம். லூட் எடுக்கக் குனிந்தவன், மரத்தடியில் பேண்டேஜ் சுற்றுகிறவன், ஜன்னலில் ஸ்கோப் போட்டு வேறு எங்கோ பார்க்கிறவன், இவர்கள்தான் ஆள். 50 மீட்டருக்குள் மட்டும். டிரெயினிங் மைதானத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் எந்தத் தூரத்துக்கு எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது கைக்கு வந்துவிடும்.

நின்றவனை, காயத்தோடு இருப்பவனை, பார்க்காதவனை அடி என்றுதான் மேலே சொல்லியிருக்கிறேன். எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. இந்த வழக்கை நாம் பல நூற்றாண்டாகப் பேசி வருகிறோம். கம்பனின் வாலி, அம்பு தைத்த மார்போடு கேட்ட கேள்விகளை வைத்து இன்றைக்கும் பட்டிமன்றம் நடக்கிறது. மறைந்து நின்றது சரியா தப்பா? கேம்ப் அடிப்பது சரியா தப்பா? ஐரோப்பாவிலும் 1139இல் இரண்டாம் லேட்டரன் சபை, கிறிஸ்தவர்கள் மேல் வில்லையும் குறுக்குவில்லையும் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. யாரும் கேட்கவில்லை. வருஷக்கணக்கில் வாள் பழகிய பிரபுவை, சில வாரம் பழகிய சாதாரண ஆள் தூரத்திலிருந்து சாய்த்துவிட முடிந்தது அந்த ஆயுதத்தால். கோபத்தில் பாதி அறம் என்றால் மீதி அதுதான் என்று நினைக்கிறேன். 3 ஜிபி போன்காரன் வேறெப்படி நினைப்பான்!

இந்த வகை விளையாட்டுக்கே பெயர் கொடுத்த 'பேட்டில் ராயல்' படத்தில் (2000) மாணவர்களுக்குக் குருட்டாம்போக்கில் ஆயுதம் தருகிறார்கள். ஒருவனுக்கு இயந்திரத் துப்பாக்கி, நாயகனுக்குச் சட்டிமூடி. ஆரம்பத்திலேயே ஒரு பையன் குறுக்குவில்லோடு வருகிறான். கிடைத்ததை வைத்துப் பிழை என்பதுதான் அந்தக் கதையின் கொடூரம். விளையாட்டு அந்தக் கொடூரத்தை எடுத்துவிட்டு, பிடிக்காததைத் தாண்டிப் போகும் உரிமையைக் கொடுத்தது. அதனால்தான் எல்லோர் கையிலும் ஒரே துப்பாக்கி. பப்ஜியின் பெரிய குறை என்று நான் சொல்வது இதைத்தான்: இவ்வளவு ஆயுதங்களைச் செய்து வைத்துவிட்டு, நாலைந்தைத் தவிர மற்றதை எடுக்க ஒரு காரணமும் தராமல் விட்டுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அம்பு ஊமைதான், ஆனால் விளையாட்டு ஊமை இல்லை. அடித்த மறுகணமே மூலையில் உங்கள் பெயர், பக்கத்தில் வில்லின் படம், செத்தவன் பெயர், எல்லாம் எல்லோருக்கும் ஓடிவிடும். எங்கிருந்து என்றுதான் தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு, மரத்துக்கு மரம் திரும்பிப் பார்க்கிறவர்களும் உண்டு.

2020 செப்டம்பர் 2ஆம் தேதி தடையான 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. எங்கள் ஸ்குவாட்டில் இரண்டு பேர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தபோது ரத்தம் பச்சையாகியிருந்தது, 'கில்' என்ற சொல்லுக்குப் பதில் 'பினிஷ்'. சொல்லை மாற்றினால் செயல் மாறுமா என்று அப்போது நக்கல் அடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஒரே நேரத்தில் ஆன்லைன் வந்தோம். கடைசி வட்டத்துக்கு முந்தினது. சுவருக்குப் பின்னால் ஒருவன் நாக் ஆகித் தவழ்கிறான். இன்னொருவன் அவனைத் தூக்க உட்கார்ந்தான். தூக்க 10 வினாடி ஆகும். நான் நாற்பது மீட்டரில் புல்லுக்குள். என் அம்பு அவன் தோளுக்கு மேலே போய்ச் சுவரில் பட்டது. அவனுக்குத் தெரியவே இல்லை, தூக்கிக்கொண்டே இருந்தான். நான் என் விதியை மீறி ரீலோடு போட்டேன். மூன்றரை வினாடி. பூட்டியாயிற்று. குறி அவன் ஹெல்மெட்டில் நின்றது.

இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள்.

"ஏம்லே அடிக்கல?" என்றான் திருப்பூர்க்காரன்.

"ரீலோடு ஆகலலே" என்றேன்.