மேசைக்கடியிலிருந்து ஒரு பதில்

பிள்ளைகளுக்குள்ள அப்பத்தை நாய்களுக்குப் போடலாமா என்கிறார் இயேசு. மேசைக்கடியில் நாயும் துணுக்குத் தின்னுதே என்று திருப்பிக் கேட்கிறாள் புறவினத்துப் பொம்பளை. செஞ்சிப் பக்கமானாலும் வேறெங்கானாலும் பிரசங்கம் வழக்கமாக இதைத் தாழ்ச்சி, விசுவாசம் என்று முடித்துவிடும். விசுவாசம் மத்தேயு 15-இல் வருவது. மாற்கு 7-இல் அந்தப் பேச்சே இல்லை. அவள் சொன்ன சொல்லுக்காகத்தான் மகள் குணமாகிறாள். எதிர்த்துப் பேசி ஜெயித்தவள் அவள்.

செஞ்சி இருக்கும் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில்தான் எறையூரும் இருக்கிறது. அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9-இல் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள்.

கேட்கிறவனுக்குத் தாழ்ச்சியைப் போதிக்கிறவர்கள் மாற்குவைத் திறந்து படிக்கட்டும். அவள் துணுக்குக்கு வாதாடினாள். நாம கேட்கிறது மேசையில் இடம்.