பின்னால் நகர்ந்த முள்: டூம்ஸ்டே கடிகாரம் பற்றி

ஒவ்வொரு ஜனவரியிலும் தவறாமல் வரும் செய்தி இது. உலக அழிவுக்கு இன்னும் இத்தனை நொடிதான் பாக்கி என்று ஒரு தலைப்பு, கீழே நள்ளிரவை நெருங்கும் ஒரு கடிகாரப் படம். 2025-இல் 89 நொடி. படிக்கிறோம், யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், மறந்துவிடுகிறோம். 2012 டிசம்பர் 21 மாயன் காலண்டர் பீதி, 2008-இல் ஜெனீவா துகள் மோதுகருவி பூமியையே விழுங்கிவிடும் என்ற வதந்தி, இவற்றோடு இதையும் சேர்த்து ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம்.

இது அந்தக் கடிகாரத்துக்குச் செய்யும் அநியாயம். வதந்தி கிளப்பியவர்களுக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இப்படி ஆனதுக்குப் படிப்பவர்கள் மட்டும் காரணம் இல்லை. கடிகாரத்தின் வடிவமைப்பிலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தில் வேலை செய்த விஞ்ஞானிகள் சிலர் 1945-இல் சிகாகோவில் 'புல்லட்டின் ஆஃப் தி அடாமிக் சயின்டிஸ்ட்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார்கள். 1947 ஜூன் இதழின் அட்டைக்குப் படம் வரைந்தவர் மார்டில் லாங்ஸ்டார்ஃப் என்ற ஓவியர். அவர் கணவரும் அந்தத் திட்டத்தில் இருந்த இயற்பியலாளர். நள்ளிரவுக்கு 7 நிமிடம் என்று முள்ளை வைத்தார். எந்தக் கணக்கும் இல்லை, பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்; அதை அவரே சொல்லியிருக்கிறார். முள் முதன்முதலாக நகர்ந்தது சோவியத் யூனியன் 1949-இல் அணுகுண்டு சோதித்த பிறகு. அப்போது 3 நிமிடம்.

அட்டைப்படமாக அது அபாரமான வேலை. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். சிக்கல் எங்கே என்றால், ஒரு அட்டைப்படத்தை அளவுகோலாக மாற்றியதில்.

மூலப் படத்தில் முழுக் கடிகாரம் கிடையாது. கடைசிக் கால்பகுதி மட்டும்தான், அதாவது 15 நிமிடம். 1991-இல் பனிப்போர் முடிந்து, அமெரிக்காவும் சோவியத்தும் ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது முள்ளை 17 நிமிடத்துக்குத் தள்ளினார்கள். முள் அந்தக் கால்பகுதியைத் தாண்டி வெளியே போய்விட்டது! ஆபத்து இந்த அளவு குறையலாம் என்பதற்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. பயத்துக்கு மட்டும் வரைந்த முகம் அது.

அடுத்தது, அது எதை அளக்கிறது என்ற கேள்வி. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி. 13 நாள் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடிகாரம்? 1960-இல் வைத்த அதே 7 நிமிடத்தில் நின்றது. அடுத்த வருஷம் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்ததும் 12-க்குப் பின்னால் போனது. 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்கா ஏவுகணைகள் ஏவிவிட்டதாகச் சோவியத் எச்சரிக்கைக் கருவி காட்டியது. பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று முடிவு செய்தார். அந்த இரவு கடிகாரத்துக்குத் தெரியவே தெரியாது. குறுகிய நெருக்கடிகளை நாங்கள் அளப்பதில்லை, நீண்டகாலப் போக்கைத்தான் பார்க்கிறோம் என்பது புல்லட்டின் தரப்புப் பதில். நியாயமான பதில்தான். ஆனால் நீண்டகாலப் போக்கை யாராவது நொடிக்கணக்கில் சொல்வார்களா? 2023-இல் 90, 2025-இல் 89. அந்த ஒரு நொடி எங்கிருந்து வந்தது?

2007-இல் காலநிலை மாற்றத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் அணு ஆயுதப் போருக்கு ஒரு நள்ளிரவு உண்டு. பொத்தானை அழுத்தினால் முடிந்தது. புவி வெப்பத்துக்கு அப்படி ஒரு நேரம் கிடையாது. 2 டிகிரி கூடுவது 1.5-ஐ விட மோசம், 3 டிகிரி அதைவிட மோசம். எந்த இடத்திலும் 'எல்லாம் முடிந்தது, இனி ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று ஆகாது. இரண்டையும் ஒரே முள்ளில் ஏற்றியதால், படிப்படியாகக் குறைக்கக்கூடிய ஒரு கேடும் தலைவிதி மாதிரி தெரிகிறது. நம் மொழியில் ஊழி முடிந்தால் இன்னொரு ஊழி தொடங்கும். இந்தக் கடிகாரத்தில் நள்ளிரவுக்கு அப்புறம் விடியலே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998 மே மாதம் பொக்ரானில் குண்டு வெடித்தபோது இங்கே தெருவில் பட்டாசு வெடித்து இனிப்புக் கொடுத்தார்கள். பாகிஸ்தானும் வெடித்தது, அங்கேயும் அதே கொண்டாட்டம். அடுத்த மாதம் கடிகாரம் 14-லிருந்து 9-க்கு வந்தது. அவர்களுக்குப் பேரழிவின் அறிகுறியாகத் தெரிந்தது, இங்கே பலருக்கு எதிர்கால நம்பிக்கையாகத் தெரிந்தது. இந்த இடத்தில் நான் கடிகாரத்தின் பக்கம்தான். நம்பிக்கை என்ற பெயரில் வருவதெல்லாம் நம்பிக்கை ஆகிவிடாது.

அப்படின்னா எது நம்பிக்கை? அதற்கான பதிலும் இந்தக் கடிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முள் இதுவரை எட்டு முறை பின்னால் நகர்ந்திருக்கிறது: 1960, 1963, 1969, 1972, 1988, 1990, 1991, 2010. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பேச்சுவார்த்தையோ ஒப்பந்தமோ இருக்கிறது. 1972-இல் சால்ட், 1988-இல் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழித்த ஒப்பந்தம். 1980-களின் நடுவில் உலகில் கிட்டத்தட்ட 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன. இன்றைக்குச் சுமார் 12,000. இதுவே இன்னும் பயங்கரம்தான், மறுக்கவில்லை. ஆனால் 58,000 ஆயுதங்கள் தானாகத் துருப்பிடித்துப் போகவில்லை. தெருவில் இறங்கியவர்கள், மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசியவர்கள், கையெழுத்தை மறுபடி மறுபடி சரிபார்த்தவர்கள் என்று பல பேருடைய உழைப்பு அது.

2010-க்குப் பிறகு முள் ஒரு தடவைகூடப் பின்னால் போகவில்லை. 'நள்ளிரவுக்கு 89 நொடி' என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய செய்தி. முதலாவது வயிற்றைக் கலக்கிவிட்டுப் போய்விடும். 'புலி வருது, புலி வருது' கதைதான். இரண்டாவது ஒரு கேள்வியைக் கேட்க வைக்கும்: முன்பு செய்த எதை இப்போது நிறுத்திவிட்டோம்?

அந்தக் கேள்விக்குத் தேதியோடு ஒரு விடை உண்டு. அமெரிக்கா, ரஷ்யா இரண்டின் நெடுந்தூர அணு ஆயுத எண்ணிக்கைக்கும் வரம்பு போட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தை 2021-இல் ஐந்தாண்டு நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்பு 2026 பிப்ரவரி 5 வரைதான். இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் எவை உயிரோடு இருக்கின்றன, எவை காலாவதியாகின்றன என்று ஒரு எளிய பட்டியலை ஜனவரிதோறும் வெளியிட்டால் போதும். அதில் அழகான கடிகாரம் இருக்காது. ஆனால் படிப்பவர், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்துகொள்வார்.