இரண்டு கையாலும் வாங்குங்கள்

பெல்ஜியத்துக்காரர்கள் இரண்டு பேர், வலேரி பெர்த்தோ, ஃபிலிப் விட்ஜெஸ், 2011-ல் அமிர்தசரஸ் பொற்கோயிலின் சமையலறையைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுத்தார்கள். 'ஹிம்செல்ஃப் ஹி குக்ஸ்' என்று பெயர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். பின்னணிக் குரல் கிடையாது. 'சீக்கிய மதம் பதினைந்தாம் நூற்றாண்டில்...' என்று யாரும் கனத்த குரலில் ஆரம்பித்து நம்மைத் தூங்க வைப்பதில்லை. பூண்டு உரிக்கிறார்கள். அண்டாவில் பருப்பு கொதிக்கிறது. தட்டு கழுவுகிறார்கள். அவ்வளவுதான் கதை. கிடைத்தால் பாருங்கள். பார்ப்பதைவிடக் காதால் கேளுங்கள். எவர்சில்வர் தட்டுகள் மோதிக்கொள்ளும் சத்தம் இருக்கிறதே, நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்துப் பின்கட்டை நூறால் பெருக்கினால் வருமே, அந்தச் சத்தம்.

சாதாரண நாளில் ஐம்பதாயிரம் பேர், விசேஷ நாளில் ஒரு லட்சம் பேர் லங்கரில் சாப்பிடுகிறார்கள். பெயர் கேட்பதில்லை, ஜாதி கேட்பதில்லை, மதமும் கேட்பதில்லை. தரையில் வரிசையாக உட்காருவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பங்கத்'. நம் 'பந்தி'யும் அதே சமஸ்கிருத 'பங்க்தி'யிலிருந்து வந்ததுதான். நம்மூரில் யார் யாரோடு உட்காரக் கூடாது என்பதைக் காட்டப் பயன்பட்ட பந்தியை, அவர்கள் அதே சொல்லை வைத்துக்கொண்டே தலைகீழாக்கிவிட்டார்கள். மூன்றாவது குருவான அமர்தாஸ், 'முதலில் பந்தி, பிறகுதான் என்னைப் பார்ப்பது' என்று விதி வைத்தார். அக்பர் சக்கரவர்த்தியும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் அவரைப் பார்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

படத்தில் பூண்டு உரிக்கிற அம்மாள் சீக்கியரா, இந்துவா? தெரியவில்லை. தெரியாமல் விட்டதுதான் படத்தின் சாமர்த்தியம். என் குறையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உபசரிப்பு ஒரு கையால் தட்டுகிற ஓசையில்லை. படத்தில் போடுகிறவர்கள் நிறைந்திருக்கிறார்கள். வாங்குகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியே வருவதில்லை.

எனக்கு இந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம், அமிர்தசரஸுக்கு என்னோடு வந்த ஒரு ரிடையர்டு பேங்க் அதிகாரி. நல்ல மனுஷர். வாசலில் நம் செருப்பை வாங்கி அடுக்குகிறவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் இல்லை, தொண்டர்கள் என்று தெரிந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்பை வாங்கிக்கொண்ட பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த இந்தியில், "எல்லாம் ஒண்ணுதானே ஜி! நீங்களும் ஹிந்துதானே!" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பெரியவர் பதில் சொல்லவில்லை. டோக்கனைக் கொடுத்துவிட்டு அடுத்த ஜோடிக்குக் கை நீட்டினார்.

அந்த மௌனத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு. 'நாங்கள் இந்துக்கள் அல்ல' என்று தலைப்பிலேயே பதில் சொல்லி நாபாவைச் சேர்ந்த கான் சிங் புத்தகம் போட்டது 1898-ல். பொற்கோயிலின் சுற்றுப் பிராகாரத்தில் அந்தக் காலத்தில் இந்து விக்கிரகங்கள் வைத்துப் பூஜை நடந்துகொண்டிருந்தது. 1905-ல் நிர்வாகியாக இருந்த அரூர் சிங் அவற்றை அகற்றச் சொன்னார். இந்துக்களுக்கு வருத்தம், பெரிய சர்ச்சை ஆயிற்று. அரசியல் சட்டத்தின் 25-ம் பிரிவு, கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிடும் விஷயத்தில், இந்து என்றால் சீக்கியரையும் சேர்த்துத்தான் என்று விளக்கம் தருகிறது. (அதே பிரிவு கிர்பான் வைத்துக்கொள்வதைச் சீக்கியரின் உரிமை என்றும் சொல்கிறது. சட்டம் எழுதுகிறவர்களுக்கு எப்போதும் இரண்டு மனசு.) அந்த விளக்கத்தை எதிர்த்து 1984 பிப்ரவரியில் அகாலி தலைவர்கள் சட்டப் பக்கத்தையே எரித்தார்கள். ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. நவம்பரில் டெல்லி. அரசாங்கக் கணக்குப்படியே அங்கே மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள். சீக்கியக் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய இந்து அக்கம்பக்கத்தாரும் அந்த வரலாற்றில் உண்டு.

இதையெல்லாம் சமையலறைப் படத்தில் எதற்குத் திணிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இது எதுவுமே தெரியாமல் படத்தைப் பார்ப்பவருக்கு, சோறு போடுவது அவர்களுக்குச் சுலபமாக வருகிற சுபாவம் என்று தோன்றிவிடுகிறது. காயமில்லாதவன் பந்தி போடுவது ஒரு விஷயம். அடிபட்ட வீட்டில், யார் எவர் என்று கேட்காமல் தொடர்ந்து பந்தி போடுவது வேறு விஷயம். அந்த இரண்டாவது விஷயம் படத்துக்குள் வரவில்லை.

பேங்க் அதிகாரி பக்கமும் நியாயம் இருக்கிறது. குரு கிரந்த சாகிப்பில் நாமதேவர், கபீர், ரவிதாஸ் பாடல்கள் இருக்கின்றன. முஸ்லிமான ஃபரீதின் பாடல்களும் இருக்கின்றன. பொற்கோயிலுக்குப் பொன் வேய்ந்த ரஞ்சித் சிங், காசி விஸ்வநாதர் கோபுரத்துக்கும் பொன் கொடுத்தார். மூத்த பிள்ளையைச் சீக்கியனாக வளர்த்த பஞ்சாபி இந்துக் குடும்பங்கள் உண்டு. ஹர்ஜோத் ஓபராய் 1994-ல் எழுதிய ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகம், இரண்டு மதங்களுக்கும் நடுவே கறாரான கோடு விழுந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்று வாதாடுகிறது. கனடாவில் சீக்கிய ஆய்வு இருக்கையில் இருந்தவர் அவர். எதிர்ப்பு வலுத்து அந்தப் பொறுப்பை விட்டு விலகினார்.

ஓபராய் சொல்வது சரி என்றே வைத்துக்கொள்வோம். அண்ணன் தம்பி ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். (யார் அண்ணன் என்று கேட்காதீர்கள், அது தனிச் சண்டை.) ஒருத்தன் தனிக்குடித்தனம் போய் நாலு தலைமுறை ஆன பிறகு, 'நம்ம வீடுதானே' என்று நேரே அடுக்களைக்குள் புகுந்து டப்பாவைத் திறந்தால், உறவு நெருங்குமா? 'நீயும் நான்தான்' என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில் அதிகமானவர்களாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

அமிர்தசரஸிலேயே துர்கியானா கோயில் என்று ஒன்று இருக்கிறது. 1920-களில் இப்போதைய வடிவத்தில் எழும்பியது. நடுவில் குளம், குளத்துக்குள் கோயில், போய்ச் சேர ஒரு பாலம், தங்கக் கூரை, உள்ளே லட்சுமி நாராயணர். பொற்கோயிலின் காப்பி என்று கைடு புத்தகங்கள் லேசாக உதட்டைப் பிதுக்குகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து வீட்டின் அழகைப் பார்த்து அதே மாதிரி நம் மனையில் நாம் கட்டிக்கொள்வது, பக்கத்து வீட்டையே நம் வீடு என்று சொல்வதைவிடப் பெரிய மரியாதை. சாயங்காலம் போனபோது தலைப்பாகை கட்டிய ஒருவர் குடும்பத்தோடு அந்தப் பாலத்தில் நின்று மீன்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

லங்கரைப் பற்றி ஆரம்பித்து மனையடி சாஸ்திரத்துக்கு வந்துவிட்டேன். பேங்க் அதிகாரி கதை இன்னும் முடியவில்லை. தலையில் காவித்துணி கட்டிக்கொண்டு அவர் என் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தார். ரொட்டி கொண்டுவந்த பையனிடம், நாம் ஹோட்டலில் செய்வதுபோல் ஒரு கையை நீட்டினார். அங்கே ரொட்டி பிரசாதம். பையன் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியைப் பிடித்தபடி நின்றான். இவருக்குப் புரியவில்லை. எதிர் வரிசையில் இருந்த ஒரு பஞ்சாபிப் பாட்டி தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து உயர்த்திக் காட்டினாள். இவரும் அப்படியே நீட்டினார். ரொட்டி விழுந்தது.

இரண்டாம் முறை அந்தப் பையன் வரிசையின் ஆரம்பத்தில் வரும்போதே, இவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தயாராக இருந்தார்.